கெண்டைக்காலில் கேட்கிற சத்தம்

ஆம்ப்பை வேனிலிருந்து இறக்க வேண்டாம் என்று சவுண்ட்காரன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான், பாரம் தூக்குகிற வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்த சந்தோஷம் அவனுக்கு. பொன்சிங் வேனின் பின்கதவுப் பக்கம், ஒரு கை ஆம்ப்பின் கைப்பிடியிலும் ஒரு கை பேஸ் கிட்டார் உறையிலுமாக நின்றார். மணி நாலாகியும் வெயில் இறங்கவில்லை. வண்ணார்பேட்டைப் பக்கம் புதுசாகக் கட்டின மண்டபம், சுவரெல்லாம் கண்ணாடி, வாசலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு வரவேற்பு, அதற்குள் சத்தம் சரிபார்த்து முடிக்க வேண்டும். "பின்னாடி ஃபுல்லா எல்.இ.டி. திரைங்கண்ணா. மேடையில ஒரு ஸ்பீக்கர் இருக்கக் கூடாதுன்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டாங்க. நீங்க கிட்டார் ஒயர நேரா என் மேசைக்கு லைன்ல குடுங்க, காதுல இயர்போன் போட்டுக்குங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான் அவன். கோகுல் என்று பேர், சென்னையிலிருந்து வந்தவன். பொன்சிங்கின் வாய் சரி தம்பி என்று சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அது எப்போதும் முந்திக்கொள்ளும். உள்ளே நெஞ்சு மட்டும் செத்தேன் செத்தேன் என்று அடித்தது. கைப்பிடியை விடு என்று கைக்குச் சொன்னார். கை விடவில்லை. முப்பத்திரண்டு கிலோ, பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர், மூலையில் தோல் உரிந்த கறுப்புப் பெட்டி. இந்தப் பெட்டியை ஒட்டிக் கெண்டைக்காலை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக அவர் வாசிக்கிறார் என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. காது கேட்டு வாசிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதையும் அவர் இதுவரை மறைத்துத்தான் விட்டார்.

கேட்காது என்றால் ஒன்றுமே கேட்காது என்றில்லை, அதுதான் இதில் உள்ள கொடுமை. குக்கர் விசில் கேட்கும். மனைவி லில்லிபாய் வளையலைக் கழற்றி மேசையில் வைப்பது கேட்கும். கொசு கேட்கும், ஐயோ, அது நன்றாகவே கேட்கும். பாடுகிறவன் பாட்டு கேட்கும், டிரம்ஸில் மேலே தொங்குகிற தட்டு கேட்கும். கீழ்ச் சத்தம்தான் இல்லை. லாரி வந்தால் ஹாரன் கேட்கிறது, இன்ஜின் கேட்கவில்லை. பாதிரியார் ஜெபம் பண்ணினால் ஆம்பிளைக் குரல் இல்லை, தகரத்தில் ஆணியால் கீறுகிற குரல். உலகத்தின் அடிப்பாகத்தை மட்டும் யாரோ அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முப்பத்தைந்து வருஷமாக அந்த அடிப்பாகத்தையே வாசித்துப் பிழைத்தவரிடமிருந்து. பொதுவாக மேல் சத்தம்தான் முதலில் போகும், உமக்குக் கீழே போயிருக்கிறதே என்று காது டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார். அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்கும்போது மட்டும் பொத்தானை அமுக்கும் என்றார். பொன்சிங் அமுக்கினார். நன்றாகவே அமுக்கினார். முதல் நாலு சத்தம் எந்த இடைவெளியில் வந்தது என்று பிடித்துக்கொண்டு, அதே தாளத்தில் அமுக்கிக்கொண்டே போனார். வெளியே வந்ததும் டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் சத்தமே அனுப்பாத இடத்திலும் அமுக்கியிருக்கிறீரே, என்ன வேலை பார்க்கிறீர் என்று கேட்டார். தபாலாபீஸ் என்று பொன்சிங் சொன்னார். அங்கேயும் வாய் முந்திக்கொண்டது. நரம்பு போய்விட்டது, மருந்து கிடையாது, மெஷின் மாட்டினாலும் அடிச் சத்தம் பெரிதாக எழும்பாது என்று டாக்டர் சொன்னதை, தபாலாபீஸ்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் வந்து நின்றபோதுதான் அழுகை வந்தது.

அதற்கு முந்தி பண்ணின கூத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொன்சிங் கூடத்தை மட்டுமா சொன்னார், கரண்டைச் சொன்னார், சுவரைச் சொன்னார், கம்பியைச் சொன்னார். வீட்டில் வாசித்துப் பழக ஒரு பத்து இஞ்ச் ஆம்ப் வைத்திருந்தார், கைக்கு அடக்கமான பெட்டி, இருபது வருஷம் கூட இருந்தது. ஒருநாள் அதில் சத்தம் ஒல்லியாகிவிட்டது. ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கோன் கிழிந்திருக்கும் என்று கோனை மாற்றினார். பிறகு பாளையங்கோட்டையில் வோல்டேஜ் சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வாங்கினார். பிறகு அறை சின்னது, சத்தம் உருள இடமில்லை என்று பெட்டியை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே வைத்தார். கடைசியில் இது செத்துப்போன பெட்டி என்று முடிவு கட்டி, சர்ச் சபைக்குச் சும்மாவே கொடுத்துவிட்டு, பன்னிரண்டு இஞ்ச் ஒன்று வாங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுக்காரர் ஓடிவந்து, அண்ணாச்சி, என்ன பெட்டி தந்தீங்க, கட்டடமே அதிருது என்றார். பொன்சிங் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். கோயில் கூரை உயரம், அதனால் அந்தப் பெட்டிக்கு அந்த இடம் ஒத்துப்போயிற்று என்று லில்லிபாயிடம் விளக்கம் வேறு சொன்னார். அவள் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இஞ்ச்சும் ஒல்லி. எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் நாலு வைத்த ஒன்று வந்தது, அதுவும் ஒல்லி. ஆம்ப் எடுக்கப் போகிற கடையில் எல்லாம் இவரைக் கண்டால் பயந்தார்கள், குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, சத்தத்துக்குப் பாடி இல்லை, கனம் இல்லை என்று உதட்டைப் பிதுக்குவார், கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். அப்படித்தான் இந்தப் பதினைந்து இஞ்ச் வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் வைத்து வாசித்தபோது, அடுக்களை அலமாரியிலிருந்து டம்ளர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சில்வர் டம்ளர் விழுகிற சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. லில்லிபாய் வந்து வாசலில் நின்றாள். இதுலயும் சத்தமே இல்லட்டீ என்று அவளிடம் சொன்னார். அவள் அவரைப் பார்த்தாள், கீழே கிடந்த டம்ளர்களைப் பார்த்தாள். பிறகு பழைய சேலைத் துணியை மடித்துக்கொண்டு போய் அலமாரியில் விரித்து, டம்ளர்களை அதன் மேல் அடுக்கினாள். கோளாறு பெட்டியில் இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கும் விளங்கியது. இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றுவரை பேசினதில்லை.

"அண்ணாச்சி, என்ன வேன்ல சாஞ்சு நிக்கிய, வாங்க" என்று மகராஜன் வந்துவிட்டான். குழு அவனுடையது, பாட்டும் அவன்தான். பதினேழு வருஷப் பழக்கம். கோகுல் சொன்னதை அவனும் சொன்னான், கொஞ்சம் கெஞ்சலாக. ஆம்ப் இல்லாமல் எனக்கு வாசிப்பு வராதுடே என்று பொன்சிங் சொல்லிப் பார்த்தார். ஓரமாக வைத்துக்கொள்கிறேன், துணி போட்டு மூடிக்கொள்கிறேன், சத்தத்தை ஒன்றில் வைத்துக்கொள்கிறேன், சத்தமே வேண்டாம், பெட்டி மட்டும் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்ல வந்து, கடைசிச் சொல்லை முழுங்கிக்கொண்டார். பெட்டி பக்கத்தில் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? காலுக்கு என்றா? இப்போது சொல்லிவிடலாம். மகராஜா, எனக்குக் காது போச்சுடே. ஏழே சொல். இல்லை, நாலு. எண்ணிப் பார்த்தார், நாலுதான். நாலு சொல் சொன்னால் முப்பத்தைந்து வருஷம் முடிந்துவிடும். பிறகு சாயங்காலங்களில் என்ன செய்வது? தபாலாபீஸ்காரர் மாதிரி பேப்பர் படிப்பதா? அவருக்கு வேறொன்றும் தெரியாதே. வேறு எதையும் அவர் விரும்பினதும் இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் விட்ருங்க அண்ணாச்சி" என்று மகராஜன் தோளில் கையை வைத்தான். கைப்பிடியிலிருந்து கை தானாகவே கழன்றது. வேன் கதவை டிரைவர் சாத்தினார், அந்தச் சத்தமும் மேல்பாதிதான் கேட்டது.

மேடையில் குளிர் அடித்தது. பின்னால் திரையில் ரோஜாப்பூ விழுந்துகொண்டே இருந்தது, விழுந்து விழுந்து மறுபடியும் மேலிருந்து விழுந்தது. கீபோர்டு ரூபன் வழக்கம்போல எழுந்து வந்து, அண்ணாச்சி சாப்பிட்டீங்களா என்று கேட்டு, ஒயரை எடுத்து அவனே கிட்டாரில் சொருகிவிட்டான். தங்கமான பிள்ளை. போன வருஷம் புதுக் கீபோர்டு வாங்கினபோது, முதலில் பொன்சிங்கைத்தான் கூப்பிட்டுக் காட்டினான், இடது கைப் பக்கத்துக்குத் தனிச் சத்தம் வைத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி என்று. அவர் பெட்டியில் கையை வைத்துப் பார்த்து, நல்லா இருக்குடே என்றார். கோவில்பட்டிக் கச்சேரி முடிந்து ஒரு மாசம் இருக்கும் அப்போது. கோவில்பட்டியை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் வரும். அங்கே ஒரு பாட்டில் சரணத்துக்கு மகராஜன் அரைக்கட்டை ஏற்றிப் பாடினான், ஏற்றுவேன் என்று முன்னாலேயே சொல்லியும் இருந்தான், பொன்சிங் மறந்துபோனார். காது இருந்தால் மறந்தாலும் அடுத்த அடியில் பிடித்துக்கொள்ளலாம். காலுக்கு அது தெரியவில்லை. முழுச் சரணமும் பழைய கட்டையிலேயே வாசித்துவிட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், முன்வரிசையில் ஒரு பொம்பிளை முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். திரும்பினால் குழுவில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடிந்து எல்லாரும் அவரவர் ஒயரைச் சுருட்டினார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேனில் வரும்போது மகராஜன் அவருக்கு ஜன்னல் பக்கத்தைக் கொடுத்தான். அதற்கப்புறம் தப்பே வரவில்லை, அதுதான் அவருக்கு ஒரு தைரியம். ஒரு கச்சேரியிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அண்ணாச்சி, ஆம்ப்ப உங்க காலுக்குப் பின்னாடி திருப்பி வச்சு கொஞ்சம் கம்மி பண்ணிக்கிடுங்க, வெளிய நாங்க லைன்ல பாத்துக்கிடுதோம் என்று அதற்கப்புறம் ஒருநாள் மகராஜன் சொன்னான், எட்டில் இருந்த சத்தக் குமிழ் மூணுக்கு வந்தது. கெண்டைக்காலுக்கு மூணே போதும். மேல் கம்பி தடவினால் எலும்பில் வரும், கீழ்க் கம்பி சதையில் வரும். இரண்டு வருஷத்தில் காலுக்கு நல்ல ஞானம் வந்துவிட்டது என்று அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். இந்தக் காலும் இன்றைக்கு இல்லை.

காதில் இயர்போனை மாட்டினார். பேஸ் குடுங்கண்ணா என்று கோகுலின் குரல் எறும்புபோல உள்ளே வந்தது. மேல் கம்பியை இழுத்தார். டிக். அவ்வளவுதான். விரல் கம்பியை விட்டுக் கிளம்புகிற சத்தம், நகம் உரசுகிற சத்தம். மறுபடி இழுத்தார். டிக். தடவிக்கொண்டே மேலேறினார், டிக் டிக் டிக் டிக், கடிகாரக் கடைக்குள் போய் மாட்டிக்கொண்ட மாதிரி. எங்கே அந்தச் சத்தம், அது போய் எங்கேதான் விழுகிறது? தன் கையிலிருந்து கிளம்புகிறது என்றால் யாருக்காவது போய்ச் சேரத்தானே வேண்டும். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். சங்கு ஊதுகிறவனே செவிடனாக இருந்தால் அதற்கு ஒரு பழமொழியும் யாரும் சொல்லி வைக்கவில்லை. பத்தொன்பது வயதில் முதல் தடவை ஒரு ஆம்ப்பில் சொருகி இழுத்தபோது, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்தின மாதிரி இருந்ததே, அது அவருக்குச் சத்தமே இல்லை, ஒரு ஆள். கூடவே இருந்த ஆள். கல்யாணத்துக்கு முந்தியே வந்த ஆள். சூப்பர்ணா, போதும் என்று கோகுல் கட்டைவிரலைக் காட்டினான். மண்டபத்தின் கடைசியில் அவன் மேசைக்கு மகராஜன் போய்க் குனிந்து காதில் என்னமோ சொன்னான், மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினான். எந்த ஊருக்குப் போனாலும் சவுண்ட்காரனிடம் போய் இவரைக் காட்டி ஏதோ சொல்லுவான். பழைய ஆள், மரியாதையாகப் பார்த்துக்கொள் என்று சொல்வானாக இருக்கும். கோகுல் நிமிர்ந்து பொன்சிங்கைப் பார்த்தான், உடனே பார்வையை மேசைக்குத் திருப்பிக்கொண்டான்.

ஒரு பாட்டு முழுக்கப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார்கள். கையெல்லாம் வேர்த்துவிட்டது, குளிரில் வேர்த்தது. அப்போதுதான் பார்த்தார். மேடையின் முன் விளிம்பை ஒட்டிக் கீழே இரண்டு பெரிய கறுப்புப் பெட்டிகள், சப் ஸ்பீக்கர், அடிச் சத்தம் மட்டும் வருகிற பெட்டி. மேல் தட்டு மேடைக்குச் சரியாக, ஒரு எட்டில் கால் வைக்கிற உயரத்தில் இருந்தது. ஆண்டவரே, நீர் இருக்கிறீர் ஐயா. ஒயரை இழுத்துக்கொண்டு மெதுவாக, பூ அலங்காரம் பார்க்கிற ஆள் மாதிரி முன்னால் நகர்ந்தார். செருப்பைக் கழற்றினார். நாலு எண்ணி டிரம்ஸ் விழுந்தது, பாட்டு எழுந்தது, பொன்சிங் வலது பாதத்தை அந்தப் பெட்டியின் மேல் வைத்தார். வந்தது. குதிகாலில் நுழைந்து முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. டிரம்ஸின் உதை முட்டி முட்டி விலகியது, அதன் ஊடே நீளமாக, தடியாக, வழவழவென்று பேஸ் ஓடியது. எத்தனை வருஷமாயிற்று இப்படி. பதினைந்து இஞ்ச் என்ன, இதல்லவா பெட்டி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. தன் கை இவ்வளவு நன்றாக வாசிக்கிறது என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பல்லவி முடிந்து திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டம் விட்டார், பாதத்தில் அதைவிட அழகாக, இரண்டு சுரம் கூடுதலாக வந்தது. கை நினைக்காததைக்கூட வாசிக்கிறதே, அனுபவம் என்றால் சும்மாவா என்று நினைத்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் லில்லிபாயிடம் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், காது போனதையும் கால் கேட்பதையும், இரண்டு பேரும் சிரிக்கலாம். கோயிலில் போய் அந்தப் பத்து இஞ்ச் பெட்டியிடம்கூட மன்னிப்புக் கேட்கலாம். சரணம் வந்தது. மகராஜன் அரைக்கட்டை ஏற்றினான், இந்தத் தடவை பொன்சிங் மறக்கவில்லை, கையை ஒரு கட்டம் தள்ளிப் பிடித்தார், பாதத்திலும் சரியாக ஏறியது. வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைத்துக்கொள்ளக் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார்.

பாதத்தில் பேஸ் நிற்கவில்லை.

துடைத்துக்கொண்டு கையைத் திரும்பக் கொண்டுபோனவர், கம்பிக்கு மேலே அப்படியே வைத்திருந்தார். ஒரு அடி. இரண்டு அடி. நாலு அடி போய்விட்டது. தடியாக, வழவழவென்று அது தன்பாட்டுக்கு ஓடியது. இது எதிரொலி என்று நினைத்தார். புதுக் கட்டடம், கண்ணாடிச் சுவர், சத்தம் சுற்றிவரும் என்று நினைத்தார். கண்ட காரணமெல்லாம் கண்டுபிடித்துப் பழகின மண்டை, இப்போதும் அது கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தது. எட்டாவது அடியில் அந்தச் சின்ன ஓட்டம் வந்தது, இரண்டு சுரம் கூடுதலாக. பொன்சிங் மெதுவாகத் தலையைத் திருப்பி ரூபனின் இடது கையைப் பார்த்தார். கீபோர்டின் இடது ஓரத்தில் அந்தக் கை நடந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் இறங்கும்போது பாதத்தில் இறங்கியது, பெருவிரல் ஏறும்போது பாதத்தில் ஏறியது. ரூபன் நிமிர்ந்தான். இவருடைய சும்மா நிற்கிற கையைப் பார்த்தான், பெட்டியின் மேல் இருந்த காலைப் பார்த்தான். அவன் முகம் கறுத்துப்போனது. தரையைப் பார்த்தான், கோவில்பட்டியில் பார்த்தானே, அதே மாதிரி. கை மட்டும் நிற்கவில்லை, நிறுத்த முடியாதே, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் கோவில்பட்டியிலிருந்தே. புதுக் கீபோர்டு. மூணுக்கு இறங்கின குமிழ். சவுண்ட்காரன் காதில் மகராஜன் குனிகிற குனிவு. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு மேடையிலும், இவருடைய ஒயரைச் சவுண்ட்காரன் மேசையில் மூடி வைத்துவிட்டு, இவருடைய காலுக்கு மட்டும் ஒரு பெட்டியைக் கொடுத்து, பிள்ளைகள் இவரை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு வருஷமாக அவர் வாசித்தது அவருடைய கெண்டைக்காலுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. லில்லிபாய்க்கும் தெரியும். அம்பாசமுத்திரம் கச்சேரிக்கு அவள் வந்திருந்தாள், எப்படி இருந்தது என்று கேட்டபோது, ரூபன் தம்பி நல்லா வாசிச்சிச்சு என்றாளே, அன்றைக்கு அவருக்குக் கோபம்கூட வந்ததே. எல்லாருமாகச் சேர்ந்து டம்ளருக்கு அடியில் துணி விரித்திருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட அவரால் முடியவில்லை. கோபப்படவாவது முடிந்திருக்கலாம்.

கை கம்பிக்குத் திரும்பியிருந்தது. எப்போது திரும்பியது என்று அவருக்குத் தெரியவில்லை. டிக் டிக் டிக் என்று ரூபனின் கையைப் பார்த்துப் பார்த்து அது அசைந்தது. பாட்டு முடிந்தது. வாழை கட்டினவர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். மண்டபத்துக் கடைசியிலிருந்து கோகுல் கட்டைவிரலைக் காட்டினான். மகராஜன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தான், கடைசியில் இவரிடம் வந்தான். இவருக்கு விளங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரியாது, ரூபன் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. எப்போதும் கேட்கிற அதே பிரியத்தோடு கேட்டான்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எல்லாம் கேக்குல்லா?"

இப்போது சொல்லிவிடலாம். நாலே சொல். சொன்னால் பிள்ளைகளுக்கும் பாரம் இறங்கும், இவருக்கும் இறங்கும், வேனில் இருக்கிற பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ரூபன் தலையைத் தூக்கவே இல்லை. அவன் காது மடல் சிவந்திருந்தது. பின்னால் ரோஜாப்பூ விழுந்துகொண்டிருந்தது. பொன்சிங் சப் பெட்டியின் மேலிருந்து காலை எடுத்தார், அதில் மிச்சமிருந்த லேசான இரைச்சலும் உடம்புக்குள் நின்றுபோனது.

"நல்லா கேக்குடே" என்றார்.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மேடையின் நடுவில் தனக்கென்று ஒட்டியிருந்த டேப் அடையாளத்துக்குத் திரும்பி வந்து நின்றார். அடுத்த பாட்டுக்கு ரூபன் நாலு எண்ணினான்.